1 அழுத்திய பிறகு ஐந்து விநாடி மௌனம்: ஒரு மருத்துவமனை ஐவிஆரைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. ஒரு கண் மருத்துவமனைக்கு ஆஸ்டெரிஸ்க் என்ற டெலிபோன் மென்பொருளில் ஐவிஆர் (பதிவுக் குரலில் பேசி, எண் அழுத்தச் சொல்லும் தானியங்கி) எழுதியிருக்கிறீர்கள். 30 சேனல் பிஆர்ஐ லைன், அதாவது ஒரே நேரத்தில் 30 அழைப்பைத் தாங்கும் இணைப்பு. அப்பாயின்ட்மென்ட், ரிப்போர்ட் விசாரணை, பில் பாக்கி மூன்றும் அதிலேயே நடக்கின்றன. எண்ணை அழுத்தியதும் நாலைந்து விநாடி சத்தமே இல்லை. காலை 9 முதல் 10 வரை பலருக்கு என்கேஜ்டு. லைன் கிடைத்தவர்களிலும் பாதிப் பேர் 0 அழுத்தி ஆபரேட்டரிடம் போய்விடுகிறார்கள். சர்வரை மாற்றலாமா, இன்னொரு பிஆர்ஐ வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. உங்கள் ஸ்கிரிப்ட் விநாடிகளை வீணாக்குகிறது. போனில் இருப்பவருக்குக் கண்ணால் பார்க்க எதுவும் இல்லை. திரையில் ஒரு சக்கரம் சுற்றினால் காத்திருப்பார்கள்; காதில் சத்தம் நின்றால் லைன் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். அவர் காத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் உங்கள் 30 லைனில் ஒன்றும் சும்மா பிடிபட்டுக் கிடக்கிறது. அதனால் அழைப்பவரின் நேரத்தைக் குறைப்பதும் லைன் நெரிசலைக் குறைப்பதும் ஒரே வேலைதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் இது புரிந்துவிடும். டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1917-இல் கொடுத்த சூத்திரம்தான் இன்றைக்கும் லைன் எண்ணிக்கையைத் தீர்மானிக்கப் பயன்படுகிறது. ஒரு மணி நேரத்தில் வரும் அழைப்புகளை ஓர் அழைப்பு சராசரியாக எடுக்கும் விநாடிகளால் பெருக்கி, 3600-ஆல் வகுத்தால் வருவது எர்லாங் அளவு, அதாவது எத்தனை லைனுக்கான பாரம் வருகிறது என்பது. உங்கள் காலை நேரத்தில் மணிக்கு 480 அழைப்பு, ஒவ்வொன்றும் 180 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 480 × 180 ÷ 3600 = 24 எர்லாங். 30 லைனில் 24 எர்லாங் வந்தால், அவர் சூத்திரத்தில் போட்ட எர்லாங் பி அட்டவணைப்படி நூற்றுக்குச் சுமார் நாலு பேருக்கு என்கேஜ்டு. அந்த நாலு பேரும் சும்மா இருக்க மாட்டார்கள், உடனே மறுபடி அடிப்பார்கள். அதனால் நடைமுறையில் நெரிசல் இன்னும் கூடும்.

இப்போது ஒவ்வோர் அழைப்பிலும் 30 விநாடியை மட்டும் குறையுங்கள். 480 × 150 ÷ 3600 = 20 எர்லாங். அதே 30 லைனில் என்கேஜ்டு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். புது லைனுக்கு மாதா மாதம் வாடகை கட்ட வேண்டாம். அந்த 30 விநாடி உங்கள் ஸ்கிரிப்டிலேயே எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் அந்த மௌனம். நீங்கள் அனுப்பிய டயல்பிளானை (எந்த எண்ணுக்கு என்ன நடக்க வேண்டும் என்ற விதிகளை) பார்த்தேன். முக்கிய மெனுவின் கான்டெக்ஸ்டில் (அதற்கான விதித் தொகுப்பில்) 1, 2, 3, 0 என்று நாலு எக்ஸ்டென்ஷன், அதாவது எண்ணுக்கு ஒரு விதி. அதே கான்டெக்ஸ்டில், டாக்டர்களின் அறை எண்ணை நேரடியாக அடிக்க வசதியாக, அடிக்கோடு எக்ஸ் புள்ளி (_X.) என்ற பேட்டர்னும் இருக்கிறது. குற்றவாளி அதுதான். அந்தப் பேட்டர்னுக்குப் பொருள், 'ஏதாவது ஓர் எண், அதற்குப் பின் குறைந்தது இன்னும் ஒன்று, அதற்கு மேல் எத்தனை எண் வேண்டுமானாலும்' என்பது. அழைப்பவர் 1 அழுத்தியதும் ஆஸ்டெரிஸ்க்குக்கு உடனே முடிவெடுக்க முடியாது. அவர் 1-ஓடு நிறுத்திவிட்டாரா, 123 என்று அடிக்கப் போகிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கும். இரண்டு எண்களுக்கு நடுவே அது காத்திருக்கும் நேரம், நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால், 5 விநாடி. உங்கள் மௌனம் அந்த ஐந்து விநாடிதான். அதற்கும் சர்வர் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. எவ்வளவு பெரிய மெஷின் வாங்கினாலும் அப்படியேதான் இருக்கும்.

டாக்டர் அறை எண்களை மெனுவில் இல்லாத ஓர் எண்ணில் தொடங்க வையுங்கள். எல்லா அறைகளும் 4-இல் தொடங்கும் மூன்று இலக்கம் என்றால், பேட்டர்னை அடிக்கோடு, 4, எக்ஸ், எக்ஸ் என்று எழுதிவிடலாம். 1 என்ற எண்ணில் தொடங்குவது மெனுவின் 1 மட்டும்தான் என்று ஆகிவிட்டால் அழுத்திய கணத்தில் அது தாவிவிடும். 4-இல் தொடங்குவது மூன்றாவது இலக்கத்தில் முடிந்துவிடும். அங்கேயும் காத்திருப்பு இல்லை. அறை எண்ணை மாற்ற நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், எண்களுக்கு நடுவேயான டைம்அவுட்டை 2 விநாடிக்குக் குறைக்கலாம், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலைதான். இன்னொன்று: வெறும் அடிக்கோடு புள்ளி என்ற பேட்டர்னை எங்கேயும் வைக்காதீர்கள். அது தவறான எண்ணுக்கான ஐ, நேரம் கடந்ததற்கான டி, போனை வைத்ததற்கான எச் ஆகிய சிறப்பு எக்ஸ்டென்ஷன்களையும் சேர்த்து விழுங்கிவிடும். அப்புறம் எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

2 அழுத்தி ரிப்போர்ட் பக்கம் போனால் இன்னொரு மௌனம் இருக்கிறது. அது டேட்டாபேஸ். அழைத்த எண்ணை வைத்து நோயாளியைத் தேடுகிறீர்கள், சரி. ஆனால் உங்கள் டேபிளில் ஒரு எண் +91 போட்டு இருக்கிறது, ஒன்று 0 போட்டு, இன்னொன்று வெறும் பத்து இலக்கம். அதனால் 'இந்தப் பத்து இலக்கத்தில் முடியும் எண்' என்று லைக் (LIKE) என்ற பகுதிப் பொருத்தம் போட்டுத் தேடியிருக்கிறீர்கள், சதவீதக் குறி முன்னால் வருகிறது. அப்படித் தேடினால் சாதாரண இண்டெக்ஸ் (வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் வரிசைப் பட்டியல்) உதவாது. டேபிளின் ஒவ்வொரு வரியையும் டேட்டாபேஸ் படித்தாக வேண்டும். ஒரே நேரத்தில் இருபது பேர் தேடினால் திணறாமல் என்ன செய்யும்? கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் தனி நெடுவரிசையாக எடுத்து வைத்து, அதற்கு இண்டெக்ஸ் போடுங்கள். டயல்பிளானிலும் வரும் எண்ணின் கடைசிப் பத்து இலக்கத்தை வெட்டி எடுத்து, சமம் என்று நேராகக் கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு மதிய நேரம் போதும்.

அதோடு, தேடலை எப்போது தொடங்குகிறீர்கள் என்பதையும் மாற்றுங்கள். 2 அழுத்திய பிறகு தேட வேண்டியதில்லை. அழைப்பை எடுத்த நொடியிலேயே அவர் எண் உங்களிடம் இருக்கிறது. வரவேற்புக் குரல் ஓடும்போதே தேடலைப் பின்னணியில் விட்டுவிட்டால், அவர் 2 அழுத்துவதற்குள் விடை தயார். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு பிஎச்பி ப்ராசஸைப் புதிதாகத் தொடங்கும் ஏஜிஐ முறையை (ஆஸ்டெரிஸ்க் வெளி ஸ்கிரிப்டோடு பேசும் வழி) விட்டு, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஃபாஸ்ட்ஏஜிஐ சர்வருக்கு மாறினால் டேட்டாபேஸ் இணைப்பையும் திறந்தே வைத்திருக்கலாம். மூன்று விநாடிக்குள் விடை வராவிட்டால் தேடலைக் கைவிட்டு, "விவரம் பார்க்கக் கொஞ்சம் தாமதமாகிறது, ஆபரேட்டருக்கு இணைக்கிறோம்" என்று சொல்லி மனிதரிடம் அனுப்பிவிடுங்கள். டேட்டாபேஸ் விழுந்த நாளிலும் போன் வேலை செய்ய வேண்டும். மருத்துவமனையில் இதில் சமரசமே கிடையாது.

பிஎச்பி ஸ்கிரிப்டை அப்படியே வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒன்றைச் சோதியுங்கள். அழைப்பவர் நடுவில் போனை வைத்துவிட்டால் ஸ்கிரிப்ட் நிற்கிறதா? 'பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேள்' என்று லூப் எழுதியிருந்தால், லைன் போன பிறகும் அது வெற்றாகச் சுற்றிக்கொண்டே சிபியுவைத் தின்னும். சிஸ்கோவின் யுசிசிஎக்ஸ் என்ற கால் சென்டர் மென்பொருள் மாதிரியான அமைப்புகளில் ஒரு ஸ்கிரிப்ட் அதிகபட்சம் இத்தனை ஸ்டெப்தான் ஓடலாம் என்று வரம்பே உண்டு. வழக்கமாக அது 1000. க்யூ லூப்பில் டிலே போட மறந்தவர்கள் அந்த வரம்பில் முட்டித்தான் பாடம் கற்பார்கள். ஆஸ்டெரிஸ்க்கின் ஏஜிஐயில் அப்படி யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள், நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பேசும் வார்த்தைகள். இங்கேதான் அதிக விநாடி ஒளிந்திருக்கிறது. உங்கள் இப்போதைய வரவேற்பு இப்படிப் போகிறது:

"வணக்கம். எங்கள் மருத்துவமனைக்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. சேவைத் தரத்தை மேம்படுத்தும் பொருட்டு இவ்வழைப்பு பதிவு செய்யப்படலாம். தமிழில் தொடர எண் ஒன்றை அழுத்தவும். ஆங்கிலத்தில் தொடர எண் இரண்டை அழுத்தவும்." பிறகு, "முன்பதிவு தொடர்பான சேவைகளுக்கு எண் ஒன்றை அழுத்தவும். பரிசோதனை முடிவுகள் தொடர்பான சேவைகளுக்கு எண் இரண்டை அழுத்தவும். கட்டணம் தொடர்பான சேவைகளுக்கு..."

நிதானமாக வாசித்தால் அரை நிமிடத்தைத் தாண்டுகிறது. இந்த நேரம் முழுக்க, கண்ணில் வலியோடு ஒருவரோ, அம்மாவின் ஆபரேஷன் தேதி கேட்க வேண்டிய மகளோ காத்திருக்கிறார்கள். இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"வணக்கம், கண் மருத்துவமனை. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க, 1. ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்க, 2. பில் பாக்கி தெரிய, 3. எங்கள் ஆளிடம் பேச, 0."

பத்துப் பன்னிரண்டு விநாடியில் முடிந்துவிடும். 'முன்பதிவு தொடர்பான சேவைகள்' என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. ஒரு மருத்துவமனை ரிசப்ஷனில் அரை நாள் உட்கார்ந்து, போன் செய்தவர்கள் 'ஹலோ'வுக்குப் பிறகு சொன்ன முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டேன். "டாக்டர் இன்னிக்கு இருக்காங்களா?" "ரிப்போர்ட் வந்துடுச்சா?" "எவ்வளவு பாக்கி கட்டணும்?" இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்தன. மெனுவுக்கு வேண்டிய வார்த்தைகளை அவர்களே கொடுத்துவிட்டார்கள். முதல் கேள்வியைக் கவனியுங்கள்: அவருக்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், டாக்டர் வந்திருக்கிறாரா என்பது மட்டும் போதும். உங்கள் மெனுவில் அதற்கு வழியே இல்லை. 0 அழுத்தும் பாதிப் பேரில் எத்தனை பேர் இதைக் கேட்கத்தான் போகிறார்கள் என்று ஆபரேட்டரிடம் விசாரியுங்கள். அன்றைக்கு ஓபி பார்க்கும் டாக்டர்களின் பெயரைச் சொல்லும் ஒரு சின்ன மெசேஜை 1-க்குள் முதலில் வைத்தால், ஆபரேட்டருக்குப் போகும் கூட்டம் கணிசமாகக் குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம் தமிழுக்குச் சாதகமானது. வேலையை முதலில் சொல்லி எண்ணைக் கடைசியில் சொல்வதுதான் நம் வாக்கியத்தின் இயல்பான போக்கு. எண் கடைசியில் காதில் விழுவதால் மறக்காது. சிலர் "எண் ஒன்றை அழுத்தினால் முன்பதிவு" என்று தலைகீழாக எழுதுகிறார்கள். அப்படி எழுதினால், தனக்கு வேண்டியது எது என்று தெரிவதற்குள் எண் மறந்துவிடும்.

மொழி கேட்கும் மெனுவை எடுத்துவிடுங்கள். லாகை (சர்வர் எழுதும் அழைப்புக் குறிப்பை) பாருங்கள், வருபவர்களில் பெரும்பாலோர் தமிழைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் நேராகத் தமிழில் தொடங்கி, வரவேற்பின் கடைசியில் ஆங்கிலத்துக்கு 9 என்று ஆங்கிலத்திலேயே ஒரு வரி சொன்னால் போதும். ஒருவர் ஒருமுறை 9 அழுத்தினால் அந்த எண்ணுக்கு ஆங்கிலம் என்று குறித்து வையுங்கள், அடுத்த தடவை கேட்க வேண்டாம். வரவேற்பை ப்ளேபேக் கட்டளையில் ஓட்டாமல் பேக்கிரவுண்ட் கட்டளையில் ஓட்டுங்கள். ப்ளேபேக் ஓடும்போது அழுத்தும் எண் மெனுத் தேர்வாகப் போய்ச் சேராது. மாதம் இருமுறை போன் செய்பவருக்கு மெனு மனப்பாடம்; அவர் எடுத்ததுமே 2 அழுத்துவார், அவரை நிறுத்தி வைக்கக் காரணமே இல்லை.

அழுத்தக் கொடுக்கும் நேரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒருவர் ஸ்மார்ட்போனில் எப்படி எண் அழுத்துகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டும். இருண்ட திரை விழிக்க வேண்டும். கீபேட் பொத்தானைத் தேடித் திறந்து, எண்ணை அழுத்தி, மறுபடி காதில் வைக்க வேண்டும். வயதானவர் என்றால் கண்ணாடியைத் தேடுவார். உங்கள் நோயாளிகளில் பலருக்குக் கண் பார்வையே பிரச்சினை. அதனால் மெனு முடிந்தபின் 8 விநாடியாவது விடுங்கள். எண் அழுத்தியபின் வரும் அடுத்த குரலுக்கு முன்னால் அரை விநாடி இடைவெளி வையுங்கள், போன் காதுக்குத் திரும்பும் நேரம் அது. முக்கியமான சொல்லை அந்தக் குரலின் முதல் வார்த்தையாக வைக்காதீர்கள்.

நோயாளி எண்ணை அடித்து 'ஹேஷ் அழுத்தவும்' என்று கேட்கிறீர்கள். ஹேஷ் எது என்று தெரியாதவர்கள் ஏராளம். நோயாளி எண் ஏழு இலக்கம் என்று உங்களுக்குத் தெரியும்தானே? ரீட் கட்டளையில் ஏழு என்று கொடுத்துவிட்டால், ஏழாவது எண் விழுந்ததும் அதுவே முடித்துக்கொள்ளும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: தமிழில் எண்ணைச் சொல்வது. உங்கள் ஐவிஆர் 1,250 ரூபாய் பாக்கியை "ஒன்று ஆயிரம் இரண்டு நூறு ஐம்பது" என்று சொல்கிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய முறையில் தமிழ்க் குரலைப் போட்டால் இப்படித்தான் வரும். தமிழில் எண் அடுத்த எண்ணோடு சேரும்போது உருவம் மாறுகிறது. ஆயிரம் தனியாக நின்றால் ஆயிரம், பின்னால் ஏதாவது வந்தால் ஆயிரத்து. நூறு நூற்று ஆகிறது. இரண்டு நூறு இருநூறு, மூன்று நூறு முந்நூறு, எட்டு நூறு எண்ணூறு. ஒன்பது நூறு என்று ஒன்று கிடையாது, அது தொள்ளாயிரம். மூன்று ஆயிரம் மூவாயிரம், ஐந்து ஆயிரம் ஐயாயிரம். துண்டுகளை ஒட்டி இதை உருவாக்க முயலாதீர்கள், பதிவு செய்துவிடுங்கள்.

பட்டியல் நீங்கள் பயப்படும் அளவு பெரிதல்ல. 1 முதல் 99 வரை 99 பதிவு. நூறுகள் ஒன்பது, ஒவ்வொன்றும் தனித்து நிற்பதும் சேர்வதுமாக இரண்டு உருவம், ஆக 18. ஆயிரத்திலிருந்து தொண்ணூற்றொன்பதாயிரம் வரை 99, அதற்கும் இரண்டு உருவம், 198. மொத்தம் 315 பதிவில் 99,999 வரை எந்தத் தொகையையும் பிழையில்லாமல் சொல்லிவிடலாம். தர்க்கமும் எளிது. எண்ணை 1000-ஆல் வகுத்து, மீதி இருந்தால் 'ஆயிரத்து' உருவம், இல்லாவிட்டால் 'ஆயிரம்' உருவம். மீதியை 100-ஆல் வகுத்து அதையே திரும்பச் செய்ய வேண்டும். ஆயிரத்து, இருநூற்று, ஐம்பது என்று மூன்று கோப்பு அடுத்தடுத்து ஓடும். ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் இருக்கும் மௌனத்தை வெட்டிவிட்டால் ஒரே மூச்சில் சொன்ன மாதிரி கேட்கும்.

நேரமும் அப்படித்தான். நம் ஆட்கள் பத்து முப்பது என்பதைவிடப் பத்தரை என்றுதான் சொல்வார்கள். பத்தே கால், பத்தேமுக்கால். உங்கள் அப்பாயின்ட்மென்ட் காலை 9-இலிருந்து மாலை 5:45 வரை கால் மணிக்கு ஒன்று என்றால் மொத்தமே 36 நேரங்கள். 36-ஐயும் "காலை ஒன்பதே கால் மணிக்கு" என்று முழுசாகப் பதிவு செய்யுங்கள், ஒட்டு வேலையே வேண்டாம். தேதிகளும் முதல் தேதியிலிருந்து முப்பத்தொன்றாம் தேதி வரை 31 பதிவு.

போன் நம்பருக்கு மட்டும் நான் வேறு முடிவெடுப்பேன். தமிழ் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் மொபைல் எண்ணை 'நைன் எய்ட் ஃபோர்' என்று ஆங்கில எண்களில்தான் சொல்கிறார்கள், ஐந்து ஐந்தாகப் பிரித்து. 'ஒன்பது எட்டு நான்கு' என்று வாசித்தால் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. தொகையைத் தமிழில் சொல்லுங்கள், போன் எண்ணை அவர்கள் சொல்லும் வழியிலேயே சொல்லுங்கள்.

பதிவின் தரம் பற்றிச் சுருக்கமாக. சாதாரண போன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஸ்டுடியோவில் இனிமையாகக் கேட்கும் குரல், லைனில் ச, ஸ, ஃப ஒலிகளை இழந்து மங்கலாகும். அதனால் குரல் கொடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போதே போன் வழியாகக் கேட்டுப் பாருங்கள். ழகரமும் ளகரமும் தெளிவாக இருக்கட்டும். முடிந்த கோப்புகளை 8 கிலோஹெர்ட்ஸ் மோனோவாக்கி ஏ-லா என்ற ஒலி வடிவில் வையுங்கள். இந்தியாவில் பிஆர்ஐ லைன் ஏ-லாவில்தான் வருகிறது, ஆகவே ஓட்டும்போது ஆஸ்டெரிஸ்க்குக்கு மாற்றும் வேலை இல்லை. ஒரு விநாடிக்கு 8,000 பைட்தான். இடமும் பெரிதாகப் பிடிக்காது. அதே குரலில் நாளைக்கும் பதிவு வேண்டியிருக்கும் என்பதை அவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

"சில பேர் 1 அழுத்தினால் தவறான எண் என்று வருகிறது" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதை நான் சாதாரணமாக விடமாட்டேன். ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளின் கலவை. 5 என்றால் 770-உம் 1336-உம் ஹெர்ட்ஸ். உங்கள் பிஆர்ஐ ஒரு கேட்வே பெட்டி வழியாக எஸ்ஐபி (நெட்வொர்க் வழி போன் முறை) ஆகி வருகிறது. அந்தப் பெட்டி பொத்தான் அழுத்தியதை ஆர்எஃப்சி 4733 முறையில் தனிச் செய்தியாகவும் அனுப்பி, ஒலியையும் வெட்டாமல் உள்ளே விட்டால், ஆஸ்டெரிஸ்க் ஒரே அழுத்தலை இரண்டு தடவை கேட்கும். 1 என்பது 11 ஆகிவிடும். பெயர் சொல்ல வேண்டாத ஒரு நிதி நிறுவனத்தில் இதே கோளாறு இருந்தது. வாடிக்கையாளர்கள் கடன் எண்ணைச் சரியாக அடித்தும் தவறு என்றே வந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் டேட்டாபேஸைக் குடைந்த பிறகுதான் லாகில் இலக்கங்கள் இரட்டிப்பாக விழுவதைப் பார்த்தோம். இரு பக்கமும் ஒரே முறையை வையுங்கள், ஆர்எஃப்சி 4733. நடுவில் எங்காவது ஜி.729 என்ற ஒலிச் சுருக்க முறை (கோடெக்) இருந்தால் ஒலி வழியாக எண் அனுப்புவதை மறந்துவிடுங்கள். அந்தச் சுருக்கத்தில் பொத்தான் ஒலி சிதைந்துவிடும்.

தவறு செய்தவரை நடத்தும் விதம் அடுத்து. இப்போது மூன்று தடவை தவறினால் "நன்றி" சொல்லி வைத்துவிடுகிறீர்கள். தயவுசெய்து அதை இன்றைக்கே எடுங்கள். முதல் தவறுக்கு, மெனுவை மட்டும் வரவேற்பு இல்லாமல் மறுபடி சொல்லுங்கள். இரண்டாவது தவறுக்கோ எதுவுமே அழுத்தாமல் இருந்தாலோ நேராக ஆபரேட்டருக்கு. போனில் கீபேட் எங்கே என்று தெரியாத பெரியவருக்கும் பதில் கிடைக்க வேண்டும். 0-ஐ மெனுவில் ஒளித்து வைக்கவும் வேண்டாம். ஆளிடம் பேச வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்ற எண்களை நம்பி முயன்று பார்ப்பார்கள்.

ரிப்போர்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் ஒரே மொபைல் எண்ணில் அப்பா, அம்மா, பாட்டி மூன்று பேரும் பதிவாகியிருப்பார்கள். எண்ணை வைத்து ஒருவர்தான் என்று முடிவு கட்டாதீர்கள். யாருக்காக என்று கேட்க ஒரு படி வையுங்கள். அழைப்பவர் எண்ணைப் போலியாகக் காட்டவும் முடியும். ஆகவே ரிப்போர்ட் தயாரா என்பதை மட்டும் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது.

ஆபரேட்டர் க்யூவில் காத்திருப்பவரும் ஒரு லைனைப் பிடித்திருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம். உங்களிடம் இருப்பது மூன்று ஆபரேட்டர்கள். காலை நேரத்தில் பத்துப் பேர் பாட்டு கேட்டுக்கொண்டு நின்றால் அங்கேயே பத்து லைன் போயிற்று. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால், "1 அழுத்திவிட்டு போனை வைத்துவிடுங்கள், வரிசைப்படி நாங்களே கூப்பிடுகிறோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கூப்பிடவும் வேண்டும். ஒரு தடவை தவறினால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள். மிஸ்டு கால் முறையும் யோசிக்கத் தக்கது. அழைப்பை எடுக்காமலே எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு துண்டித்தால் லைன் ஒன்றிரண்டு விநாடிதான் பிடிபடும், அழைத்தவருக்கும் செலவில்லை. இந்தியன் ஆயில் 2021-இல் இருந்து கேஸ் சிலிண்டரையே மிஸ்டு காலில் பதிவு செய்ய வைத்திருக்கிறது. நம் மக்களுக்குப் பழகிப்போன வழி. உங்களுக்கு 'டாக்டர் இன்று இருக்கிறாரா' என்ற கேள்விக்கு, மிஸ்டு கால் கொடுத்தால் எஸ்எம்எஸ் என்று செய்யலாம்.

பேச்சைப் புரிந்துகொள்ளும் முறைக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். குஜராத் விவசாயிகளுக்கான ஆவாஜ் ஒட்டலோ என்ற குரல் சேவைக்காகச் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. அதில் வாயால் சொன்னவர்களைவிட எண் அழுத்தியவர்கள்தான் அதிகம் பேர் வேலையை முடித்தார்கள். அதற்குப் பிறகு தொழில்நுட்பம் வெகுதூரம் வந்திருக்கிறது. இருந்தாலும் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் நின்று ஏழு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இன்றும் பொத்தானைத்தான் நம்புவேன். டாக்டர் பெயரைக் கேட்கும் இடத்தில் மட்டும் பேச்சை முயன்று பாருங்கள், கூடவே பொத்தான் வழியையும் திறந்து வைத்து.

இவ்வளவையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் மெனுவின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு வரி லாக் எழுத வையுங்கள்: அழைப்பின் தனி எண், கிளையின் பெயர், நேரம், அழுத்திய எண். ஒரு வாரம் அப்படியே ஓடட்டும். எந்தக் கிளையில் போனை வைக்கிறார்கள், எங்கே தவறான எண் விழுகிறது, 0 அழுத்துபவர்கள் எத்தனையாவது விநாடியில் அழுத்துகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முழு மெனுவும் கேட்டுவிட்டு 0 அழுத்தினால் அவர் தேடியது மெனுவில் இல்லை; முதல் விநாடியிலேயே அழுத்தினால் முன்பு ஒருமுறை ஏமாந்தவர். இரண்டுக்கும் மருந்து வேறு.

அதன்பின் இந்த வரிசையில் போகலாம். அடிக்கோடு எக்ஸ் புள்ளியை எடுப்பதும், தவறினால் துண்டிப்பதை எடுப்பதும் முதல் நாள் வேலை. பத்து இலக்க நெடுவரிசையும் இண்டெக்ஸும் அடுத்த நாள். புது வார்த்தைகளைப் பதிவு செய்வதற்கு முன், ரிசப்ஷனில் இருப்பவரை அடுத்த அறையில் உட்கார வைத்து, அவருக்குப் போன் செய்து, நீங்களே ஐவிஆர் மாதிரி மெனுவை வாசியுங்கள். அவர் எங்கே "என்ன சொன்னீங்க?" என்று கேட்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். வீட்டில் அம்மாவிடமோ தாத்தாவிடமோ இன்னொரு தடவை வாசித்துக் காட்டுங்கள். பதிவானதும் சிப்பி என்ற சோதனைக் கருவியில் 30 அழைப்பை ஒன்றாக விட்டு, டேட்டாபேஸ் விடை எத்தனை விநாடியில் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். கடைசியாக ஒரு சாதாரணப் பட்டன் போனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து உங்கள் மருத்துவமனைக்கு அடித்து ஓர் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். அது ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்தால் புது ஸ்கிரிப்டை லைனில் ஏற்றிவிடலாம். அடுத்த வாரத்து லாகையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.